வெள்ளை அணுக்களே ஏசிடிஎச், கார்டிசால் தயாரிக்குமா? ஆறு மாத ப்ராஜெக்டுக்கு இது தாங்குமா?

காட்பாடி_எம்எஸ்சி

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக் இறுதியாண்டு. ப்ராஜெக்ட் தலைப்பு இப்போதைக்கு இப்படி இருக்கிறது: தேர்வு நேர மன அழுத்தத்தில் லிம்போசைட்டுகள் சுரக்கும் ஏசிடிஎச். (லிம்போசைட் ஒரு வகை வெள்ளை அணு. ஏசிடிஎச் என்பது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை விடச் சொல்லி அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்.) விடுதியில் 10 பேரிடம் செமஸ்டர் தேர்வு வாரத்தில் ஒரு தடவை, லீவு முடிந்து வந்ததும் ஒரு தடவை, தலா 5 மி.லி. ரத்தம் எடுப்பது. ஃபைக்கால் என்ற அடர்திரவத்தில் சுழற்றி பிபிஎம்சி (லிம்போசைட், மோனோசைட் அடங்கிய வெள்ளை அணுக்கள்) பிரித்து, ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்பு மீடியத்தில் 10 சதவீதம் எஃப்பிஎஸ் (மாட்டுக் கருக்கன்றின் சீரம்) சேர்த்து 48 மணி நேரம் வளர்த்து, மேல்நீரில் ஏசிடிஎச், கார்டிசால் இரண்டையும் எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு அளக்கும் முறை) அளப்பது. திட்டம் இவ்வளவுதான்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. லிம்போசைட் ஏசிடிஎச் தயாரிக்கும் என்று 1980களிலிருந்தே எழுதுகிறார்கள். பிட்யூட்டரி வேலை செய்யாத நோயாளி ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாகத் தரும் கார்டிசால்) மாத்திரை இல்லாமல் பிழைக்க முடியாது என்றும் எழுதுகிறார்கள். உடம்பில் இத்தனை கோடி லிம்போசைட் ஏசிடிஎச் விட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு மாத்திரை எதற்கு? இதை வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

லேப் மூன்றாவது மாடி, ஒரு அறையில் மட்டும் ஏசி. சென்ட்ரிஃப்யூஜ் குளிரூட்டும் வகை இல்லை. மைனஸ் 80 ஃப்ரீசர் பக்கத்து டிபார்ட்மென்ட்டில் இருக்கிறது. திட்டத்தில் ஓட்டை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.


பாலாற்று மணல்

மாத்திரை எதற்கு என்று கேட்டீர்களே, அதுதான் இந்தத் துறையின் முக்கியமான கேள்வி. லிம்போசைட் ஏசிடிஎச் தயாரிக்கிறதா என்பது வேறு. தயாரிப்பது அட்ரினல் வரை போய்ச் சேரும் அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு. பலர் முதலாவதற்கு ஆதாரம் காட்டிவிட்டு இரண்டாவதும் நிரூபணமானதாக எழுதிவிடுகிறார்கள்.

அட்ரினல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கார்டிசால் விடுகிறது. காலை 8 மணி ரத்தத்தில் ஏசிடிஎச் மில்லிலிட்டருக்கு 10 முதல் 60 பைகோகிராம் வரை இருக்கும். அது பாதியாகக் குறையப் பத்து நிமிடம் போதும். அதனால் அந்த அளவு நிற்க வேண்டுமானால் பிட்யூட்டரி நாள் முழுக்க விட்டு விட்டுச் சுரந்தாக வேண்டும். பிட்யூட்டரி போனவருக்குக் காய்ச்சல் வரட்டும், நிமோனியா வரட்டும், வெள்ளை அணுக்கள் எவ்வளவு தூண்டப்பட்டாலும் கார்டிசால் ஏறுவதில்லை. வைவாவில் இதைச் சொன்னால் போதும்: சுரப்பு உண்டு, ஆனால் அது அக்கம்பக்கத்துச் செல்லுக்கு மட்டும்.

ஏன் குறைவு என்பதற்குக் காரணம் மரபணுவிலேயே இருக்கிறது. பிஓஎம்சி என்ற 241 அமினோ அமிலப் புரதத்தை பிசி1 என்ற நொதி வெட்டினால்தான் 39 அமினோ அமில ஏசிடிஎச் கிடைக்கும். பிசி2-வும் வேறு சில நொதிகளும் மேலும் வெட்டினால் அந்த ஏசிடிஎச்சிலிருந்து 13 அமினோ அமில ஆல்ஃபா-எம்எஸ்எச் வரும். மிச்சத் துண்டிலிருந்து 31 அமினோ அமில பீட்டா-எண்டார்ஃபின் வரும். பிஓஎம்சி மரபணுவில் மூன்று எக்ஸான்கள் (எம்ஆர்என்ஏவில் இடம்பெறும் துண்டுகள்) உண்டு. புரதத்தைச் சுரப்புப் பாதைக்குள் நுழைய விடும் 26 அமினோ அமிலத் தலைப்பகுதி இரண்டாவது எக்ஸானில் இருக்கிறது, ஏசிடிஎச் மூன்றாவதில். பிட்யூட்டரியில் கிடைப்பது சுமார் 1200 நியூக்ளியோடைடு நீளமுள்ள முழு எம்ஆர்என்ஏ. லிம்போசைட்டில் பெரும்பாலும் கிடைப்பது சுமார் 800 நீளத்தில், முதல் இரண்டு எக்ஸானும் இல்லாத குட்டை எம்ஆர்என்ஏ. அதிலிருந்து புரதம் உருவானாலும் தலைப்பகுதி இல்லாததால் வெளியே வர வழி கிடையாது. நன்றாகத் தூண்டப்பட்ட செல்களில் முழு நீள எம்ஆர்என்ஏவும் வெட்டும் நொதிகளும் காட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ‘தயாரிக்கவே தயாரிக்காது’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பார்கள். எட்வின் பிளாலாக், எரிக் ஸ்மித் இருவரும் 1980, 81-இல் மனித லிம்போசைட்டில் ஏசிடிஎச் போன்ற பொருள் இருப்பதாக எழுதினார்கள். 1982-இல் அடுத்த படி: பிட்யூட்டரி நீக்கிய எலிக்குக் கோழிக்கழிச்சல் வைரஸ் கொடுத்தபோதும் கார்டிகோஸ்டிரோன் (எலியில் கார்டிசாலின் வேலையைச் செய்யும் ஹார்மோன்) ஏறியதாகச் சொன்னார்கள். லிம்போசைட் ஏசிடிஎச்சே அட்ரினலை எழுப்பிவிட்டது என்பது அவர்கள் வாதம். 1987-இல் வேறொரு குழு அதே பத்திரிகையில், பிட்யூட்டரி நீக்கிய எலிகளில் அந்த ஏற்றம் தங்களுக்கு வரவில்லை என்று எழுதியது. பிட்யூட்டரியில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலே இந்தச் சோதனை கெட்டுப்போகும். நெட்டில் சுற்றும் கட்டுரைகள் 1982-ஐ மட்டும் சொல்லிவிட்டு 1987-ஐ விட்டுவிடும்.

நிலைத்து நின்ற பாதை வேறு. வெள்ளை அணு அட்ரினலுக்கு நேராக ஆர்டர் போடுவதில்லை, மூளை வழியாகப் போடுகிறது. மேக்ரோஃபேஜ் (திசுக்களில் கிருமியை விழுங்கும் வெள்ளை அணு) விடும் ஐஎல்-1 என்ற சைகைப் புரதம் ஏசிடிஎச்சையும் கார்டிகோஸ்டிராய்டையும் ஏற்றுகிறது என்று பெசெடோவ்ஸ்கி குழு 1986-இல் காட்டியது. மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரியைத் தூண்டும் சிஆர்எச் ஹார்மோனை விடுவதன் வழியாகவே அது நடக்கிறது என்று 1987-இல் வேறு குழுக்கள் காட்டின. ஐஎல்-6-உம் இதில் வலுவான ஆள். ஏறிய கார்டிசால் திரும்பி வந்து அதே மேக்ரோஃபேஜை அடக்கும்: ஜிஐஎல்இசட், அனெக்ஸின் ஏ1, டியுஎஸ்பி1 போன்ற மரபணுக்களை முடுக்கிவிட்டு, வீக்கத்தைத் தூண்டும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தின் செயலை மட்டுப்படுத்தும். வட்டம் அங்கே மூடுகிறது.

கார்டிசாலை ‘நிர்வகிப்பது’ என்ற இடத்தில் வெள்ளை அணுக்களுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது, உங்கள் திட்டத்தில் அது வரவே இல்லை. ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, வேலை செய்யாமல் கிடக்கும். பெரும்பகுதி சிபிஜி என்ற புரதத்தில். வீக்கம் கண்ட இடத்துக்கு வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு தன் எலாஸ்டேஸ் நொதியால் அந்த சிபிஜியை வெட்டிவிடும். கார்டிசால் அங்கேயே விடுபடும். காய்ச்சல் சூட்டிலும் சிபிஜியின் பிடி தளரும். அடுத்தது மேக்ரோஃபேஜ். அதிலுள்ள 11பீட்டா-எச்எஸ்டி1 நொதி, செயலற்ற கார்டிசோனை எடுத்துக் கார்டிசாலாக மாற்றும். ரத்தத்திலிருந்து புதிதாக எடுத்த மோனோசைட்டில் இந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். மேக்ரோஃபேஜாக மாற மாற ஏறும், ஐஎல்-4, ஐஎல்-13 கொடுத்தால் இன்னும் ஏறும்.

அடியிலிருந்து, அதாவது கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டிராய்டு செய்யும் செல்களும் உண்டு. தைமஸின் எபிதீலியச் செல்களில் 1994-இல் காட்டினார்கள், குடல் எபிதீலியத்தில் 2004-இல். 2014-இல் டிஎச்2 வகை டி செல்களில் சிஒய்பி11ஏ1 நொதியும், அவை பிரெக்னெனலோன் என்ற முதற்படி ஸ்டிராய்டு செய்வதும் தெரியவந்தது. கவனியுங்கள், அது பிரெக்னெனலோன். கார்டிசால் வரை போக இன்னும் நாலைந்து படி இருக்கிறது. ‘டி செல் ஸ்டிராய்டு செய்கிறது’ என்ற வரியை ‘டி செல் கார்டிசால் செய்கிறது’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து அட்ரினலின் என்ற ஹார்மோன் பக்கம், சுருக்கமாக. லிம்போசைட்டுக்குள் கேட்டகாலமின்கள் (அட்ரினலின், நார்அட்ரினலின் வகை) உண்டு என்று 1994-இலும், மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் அவற்றை விட்டு நுரையீரல் வீக்கத்தைக் கூட்டுகின்றன என்று எலிகளில் 2007-இலும் வந்தது. கொழுப்புத் திசு மேக்ரோஃபேஜ் நார்அட்ரினலின் செய்கிறது என்று 2011-இல் வந்த பரபரப்பான முடிவை 2017-இல் இன்னொரு பெரிய குழு மறுத்துவிட்டது. இந்தத் துறையின் சுபாவமே இதுதான்: செல்லைச் சுத்தமாகப் பிரித்தோமா, அளந்தது அந்தப் பொருளைத்தானா, இந்த இரண்டில்தான் எல்லாம் விழுகிறது.


சத்துவாச்சாரி லேப்

மேலே சார் கடைசியில் சொன்ன அந்த இரண்டும் உங்கள் திட்டத்தில் எங்கே விழும் என்று வரிசையாகச் சொல்கிறேன், தங்கச்சி.

முதல் பள்ளம் எஃப்பிஎஸ். மாட்டுக் கார்டிசாலும் மனிதக் கார்டிசாலும் ஒரே மூலக்கூறு. கன்றுக்குட்டி சீரத்தில் கார்டிசாலும் இருக்கும், கார்டிசோனும் இருக்கும். 10 சதவீதம் ஊற்றிவிட்டு மேல்நீரில் கார்டிசால் கண்டுபிடித்தால் அது பாட்டிலிலிருந்து வந்தது. இதைவிட மோசம் கார்டிசோன்: 48 மணி நேரத்தில் செல் அதைக் கார்டிசாலாக மாற்றிவிடும், செல் இல்லாத கிணறோடு (வளர்ப்புத் தட்டிலுள்ள குழி) ஒப்பிட்டாலும் ‘செல் உற்பத்தி’ என்றே தெரியும். சார்கோல்-டெக்ஸ்ட்ரானில் கழுவிய சீரம் வாங்குங்கள். இல்லையென்றால் கடைசி 24 மணி நேரம் சீரமே இல்லாமல், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) மட்டும் போட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது பள்ளம் யார் கண்ணிலும் படாது: பயோட்டின் என்ற வைட்டமின். ஆர்பிஎம்ஐ 1640-இல் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது, அதாவது மில்லிலிட்டருக்கு 200 நேனோகிராம். டிஎம்இஎம் என்ற இன்னொரு மீடியத்தில் பயோட்டின் கிடையாது. உங்கள் கிட்டில் பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய தட்டு, பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி, சாம்பிள் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதாக இருந்தால், மீடியத்தின் பயோட்டின் போய் ஸ்ட்ரெப்டாவிடினில் உட்கார்ந்துவிடும். ஏசிடிஎச் மாதிரி சாண்ட்விச் முறையில் (பொருள் கூடினால் சிக்னல் கூடும்) எண் பொய்யாகக் குறையும். கார்டிசால் மாதிரி போட்டி முறையில் (பொருள் கூடினால் சிக்னல் குறையும்) பொய்யாக ஏறும். சாம்பிளைக் கழுவிக் கொட்டிய பிறகு ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி சேர்க்கும் கிட்டில் இந்தத் தொல்லை இல்லை. வாங்குவதற்கு முன் கிட்டின் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்டாண்டர்டையும் நீங்கள் பயன்படுத்தும் அதே மீடியத்தில்தான் கரைக்க வேண்டும், கிட் பஃபரில் இல்லை.

மூன்றாவது, ஏசிடிஎச் ஒரு நாசூக்கான பெப்டைடு. 37 டிகிரியில் 48 மணி நேரம் செல்களோடு கிடந்தால் செல் விடும் புரோட்டியேஸே அதைத் தின்றுவிடும். புரோட்டியேஸைத் தடுக்கும் அப்ரோடினின் மில்லிலிட்டருக்கு 500 யூனிட் போட்டு, 4, 8, 24 மணிக்கு எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் ட்யூப் மட்டும். பிளாஸ்மாவிலும் அளப்பதாக இருந்தால் இடிடிஏ ட்யூப், எடுத்த உடனே ஐஸ், குளிரில் சுழற்றல், உடனே ஃப்ரீசர். சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தால் அந்த சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள், உள்ளிருந்து வரும் நொதிகள் ஏசிடிஎச்சை வெட்டும். உருக்கி மறுபடி உறைய வைப்பது கூடாது. ஆரம்பத்திலேயே 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து வையுங்கள்.

பிஓஎம்சி எம்ஆர்என்ஏவை பிசிஆரில் பார்ப்பதாக இருந்தால் ஒரு பிரைமர் இரண்டாவது எக்ஸானில், இன்னொன்று மூன்றாவதில் இருக்கட்டும். இரண்டும் மூன்றாவதிலேயே இருந்தால் குட்டை எம்ஆர்என்ஏவும் பிடிபடும், டிஎன்ஏ கலப்படமும் பிடிபடும், ஜெல்லில் அழகான பட்டை வரும், ஒன்றையும் நிரூபிக்காது. டிஎன்ஏஸ் போடுவதும், ரிவர்ஸ் ட்ரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத கன்ட்ரோலும் கட்டாயம். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு ஏடிடி-20 என்ற எலி பிட்யூட்டரி செல் வரிசை உண்டு. எலிக்கு எலி பிரைமர் தனி என்பதை மறக்காதீர்கள்.

ஃபைக்கால் விஷயம் நம்ம ஊருக்கே உரியது. அதன் அடர்த்தி 1.077 என்பது 20 டிகிரியை ஒட்டிய கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது மாடியில், குளிரூட்டாத சென்ட்ரிஃப்யூஜ் அரை மணி ஓடினால் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று நீங்களே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சூடு ஏறினால் அடர்த்தி குறையும், லிம்போசைட் இடைப்படலத்தில் நிற்காமல் அடியில் இறங்கும், எண்ணிக்கை சரியும். தேர்வு மே மாதம், லீவு முடிந்த சாம்பிள் ஜூலை என்றால் ‘மன அழுத்தத்தால் செல் குறைந்தது’ என்று நீங்கள் எழுதப்போவது உண்மையில் வெயிலால் குறைந்தது. சென்ட்ரிஃப்யூஜை ஏசி அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபைக்கால், பிபிஎஸ் (உப்புக் கரைசல்), ரத்தம் மூன்றும் அந்த அறையில் அரை மணி இருக்கட்டும். காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ரத்தத்தைச் சமஅளவு பிபிஎஸ்ஸில் கலந்து, ட்யூபைச் சாய்த்து, பைப்பெட் நுனியைச் சுவரில் வைத்து மெல்ல விடுங்கள். 400 ஜி (ஈர்ப்பு விசையைப் போல 400 மடங்கு), 30 நிமிடம், பிரேக் இல்லாமல். ஜியை ஆர்பிஎம்மாக எழுதிவைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ரோட்டர் ஆரம் 16 செ.மீ. என்றால் 400 ஜிக்கு ஏறக்குறைய 1500 ஆர்பிஎம், ஆரம் மாறினால் எண்ணும் மாறும். பிரேக் போட்டால் படலம் கலங்கிவிடும். எடுத்த செல்லை இரண்டு தடவை 200 ஜியில் கழுவினால் பிளேட்லெட் பெரும்பாலும் போய்விடும். மில்லிலிட்டர் ரத்தத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லியன் செல் கிடைத்தால் சரியான பிரிப்பு. இறந்த செல்லுக்கு நிறமேற்றும் ட்ரைபான் ப்ளூவில் 95 சதவீதத்துக்குக் கீழே உயிரோடு இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.


இரவுப்பணி டாக்டர்

டோனர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. விடுதிப் பிள்ளைகள் ஆரோக்கியமானவர்கள்தானே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தில் ‘ஸ்டிராய்டு எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும்: ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, முகம் வெளுக்கப் போடும் க்ரீம், படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கிய ட்யூப், முட்டி வலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடி. க்ரீமில் குளோபெட்டசாலும் பீட்டாமெத்தசோனும் இருப்பது சகஜம். நாள்கணக்கில் தடவினால் தோல் வழியே உள்ளே போய்ப் பிட்யூட்டரியை அடக்கும் அளவுக்கும் போகலாம். ப்ரெட்னிசலோன் எடுப்பவருக்குப் பல கார்டிசால் கிட்டில் அந்த மருந்தே கார்டிசாலாகத் தெரியும். டெக்ஸாமெத்தசோன் அப்படித் தெரியாது, நேர்மாறாகக் கார்டிசால் அடிமட்டத்தில் இருக்கும். கருத்தடை மாத்திரை சிபிஜியை ஏற்றும், அதனால் மொத்தக் கார்டிசால் எண் ஏறும், செல்லுக்குக் கிடைக்கும் அளவு அப்படியேதான் இருக்கும். முடி கொட்டுவதற்கு விழுங்கும் பயோட்டின் மாத்திரையையும் கேளுங்கள். மேலே ஆர்பிஎம்ஐக்குச் சொன்ன அதே கோளாறு பிளாஸ்மாவிலும் வரும்.

அதிமதுரத்தை விட்டுவிடாதீர்கள். தொண்டைக்கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்பவர்கள் இங்கே நிறைய. அதிலுள்ள கிளைசிரைசின் சிறுநீரகத்தின் 11பீட்டா-எச்எஸ்டி2 நொதியைத் தடுக்கும். கார்டிசாலைக் கார்டிசோனாக மாற்றி அணைக்கும் நொதி அது. எப்போதாவது ஒரு துண்டு என்றால் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தினமும் என்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கார்டிசால்-கார்டிசோன் விகிதமே மாறிவிடும்.

நேரம் அடுத்த சிக்கல். கார்டிசால் விடியலில் உச்சம், நள்ளிரவில் அடி. எல்லாருக்கும் காலை 8 மணி என்று வைத்தால் போதாது, எழுந்த நேரத்தையும் குறியுங்கள். தேர்வு வாரத்தில் மூன்று மணி வரை படித்துவிட்டுத் தூங்கியவரின் 8 மணியும், லீவு முடிந்து பத்துக்குப் படுத்தவரின் 8 மணியும் ஒன்றாகாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் குழுவில் இருந்தால் ரமலான் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்; சஹருக்கு எழுவதால் உறக்க நேரமே நகர்ந்துவிடும். ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகும் டோனருக்கும் இதே கதை. கார்டிசால் ஏறிய நாலு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் நியூட்ரோஃபில் கூடும், லிம்போசைட்டும் இயோசினோஃபிலும் குறையும். அதாவது தேர்வு நேரத்து ரத்தத்தில் பிரித்த பிபிஎம்சியும் லீவுக்குப் பிறகு பிரித்ததும் ஒரே கலவை கிடையாது. ஒரு மில்லியன் செல்லுக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்டாலும் அந்த ஒரு மில்லியனுக்குள் யார் எத்தனை பேர் என்பது மாறியிருக்கும். டிஃபரென்ஷியல் கவுன்ட் இல்லாமல் இந்த ஒப்பீடு நிற்காது.

கடைசியாக, விடுதி நண்பர்களிடம் ஊசி குத்துவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி அனுமதி எழுத்தில் வேண்டும், ஒவ்வொருவரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். ஆறு மாத ப்ராஜெக்டில் அனுமதிக்கே கணிசமான காலம் போய்விடும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.


காட்பாடி_எம்எஸ்சி

மூன்று பேருக்கும் நன்றி சார். ஏசிடிஎச்சைக் கைவிடுகிறேன். பாலாற்று மணல் சார் சொன்ன மேக்ரோஃபேஜ், 11பீட்டா-எச்எஸ்டி1 பற்றி யோசிக்கிறேன். கார்டிசோன் கொடுத்துக் கார்டிசாலாக மாறுகிறதா என்று பார்ப்பது எங்கள் லேபில் முடியுமா? ரத்தம் எடுக்காமல் செல் வரிசையிலேயே செய்யலாமா? டாக்டர் சாருக்கு ஒரு கேள்வி: இதற்கு மருத்துவத்தில் என்ன பயன் என்று கைடு கேட்பார். என்ன சொல்வது?


சத்துவாச்சாரி லேப்

முடியும். கேட்டதிலேயே உருப்படியான திட்டம் இதுதான்.

டிஎச்பி-1 என்ற மனித மோனோசைட் வகைச் செல் வரிசை புனே என்சிசிஎஸ் செல் வங்கியில் கிடைக்கும். அதை மேக்ரோஃபேஜாக மாற்ற மில்லிலிட்டருக்கு 50 நேனோகிராம் பிஎம்ஏ என்ற வேதிப்பொருள், 48 மணி நேரம். பிறகு பிஎம்ஏ இல்லாத மீடியத்தில் 24 மணி நேரம் ஓய்வு. தட்டில் ஒட்டி, தட்டையாகியிருந்தால் மாறிவிட்டது. வேறு எதையும் தொடங்கும் முன் 11பீட்டா-எச்எஸ்டி1 நொதிக்கான எச்எஸ்டி11பி1 மரபணுவை பிசிஆரில் பார்த்து, பிஎம்ஏ கொடுத்ததில் கொடுக்காததைவிட ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏறவில்லை என்றால் உங்கள் கைக்கு வந்த செல் சரியில்லை, மேலே போகாதீர்கள்.

கார்டிசோனை எத்தனாலில் 1 மில்லிமோலாராகக் கரையுங்கள், அதாவது மில்லிலிட்டருக்கு 0.36 மில்லிகிராம். கிணற்றில் கடைசி அளவு 200 நேனோமோலார். 5000-க்கு ஒன்று நீர்ப்பதால் எத்தனால் 0.02 சதவீதம்தான் வரும், செல்லுக்குத் தொந்தரவில்லை. சீரமில்லாத மீடியம், 24 மணி நேரம், மேல்நீரில் கார்டிசால் எலைசா.

இங்கே ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். 200 நேனோமோலார் கார்டிசோன் என்றால் மில்லிலிட்டருக்கு 72 நேனோகிராம். உங்கள் கிட்டில் கார்டிசோனுக்கு 1 சதவீதம் குறுக்கு வினை (கார்டிசோனையே கார்டிசால் என்று எண்ணுவது) இருந்தாலும், ஒரு செல்லும் இல்லாத கிணறு 0.72 நேனோகிராம் கார்டிசால் காட்டும். 5 சதவீதம் என்றால் 3.6. அதனால் ‘கார்டிசோன் உண்டு, செல் இல்லை’ என்ற கிணறு ஒவ்வொரு தட்டிலும் அதே 24 மணி நேரம் அதே இன்குபேட்டரில் இருக்க வேண்டும். ‘செல் உண்டு, கார்டிசோன் இல்லை’ இன்னொரு கிணறு. இந்த இரண்டும் இல்லாத தட்டை யாரும் நம்ப மாட்டார்கள். மூலக்கூறை எடையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் வசதியுள்ள இடத்தில் கொஞ்சம் சாம்பிளாவது ஓட்டி எலைசா எண்ணோடு ஒத்துப் பார்த்தால் வாயடைத்துவிடலாம்.

11பீட்டா-எச்எஸ்டி1-இன் தடுப்பானாக கார்பெனாக்ஸோலோன் 10 மைக்ரோமோலார். எண் விழ வேண்டும். மெட்டிரபோனை மட்டும் வைத்து ‘அடியிலிருந்து செய்கிறது’ என்று வாதாடாதீர்கள். கார்டிசால் பாதையின் கடைசி நொதியான சிஒய்பி11பி1-ஐத் தடுக்கும் அது 11பீட்டா-எச்எஸ்டி1-ஐயும் தொடும். கொலஸ்ட்ரால் பாதையைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் சிஒய்பி11ஏ1-ஐத் தடுக்கும் அமினோகுளூட்டெதிமைடு வேண்டும். முடிவைப் புரத அளவால் வகுத்துச் சொல்லுங்கள். மூன்று கிணறு என்பது ஒரே சோதனையின் மூன்று நகல். ‘n = 3’ என்று எழுத, வெவ்வேறு நாளில் புதிதாகத் தொடங்கிய மூன்று வளர்ப்பு வேண்டும்.


பாலாற்று மணல்

ஐஎல்-4 கொடுத்தது, எல்பிஎஸ் (பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின்) கொடுத்தது, ஒன்றும் கொடுக்காதது என்று மூன்று குழு வையுங்கள், கேள்வி கனமாகும். எல்பிஎஸ் மில்லிலிட்டருக்கு 100 நேனோகிராம் போதும். ஆனால் நீங்கள் வாங்கும் பிஎஸ்ஏவிலேயே எண்டோடாக்ஸின் இருந்தால் மூன்று குழுவும் எல்பிஎஸ் குழுதான். எண்டோடாக்ஸின் குறைந்த தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

ரத்த மோனோசைட்டை விட்டு டிஎச்பி-1-க்குப் போவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அது லுகீமியா செல், அதன் ஐஎல்-4 பதில் மனித மேக்ரோஃபேஜ் மாதிரி இருக்கும் என்று எழுதித் தர முடியாது. எதிக்ஸ் அனுமதி கிடைத்தால் கடைசி இரண்டு மாதத்தில் இரண்டு மூன்று டோனரின் மோனோசைட்டையும், எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் மில்லிலிட்டருக்கு 50 நேனோகிராமில் ஏழு நாள் வளர்த்துப் பார்த்துவிடுங்கள்.


சத்துவாச்சாரி லேப்

ஆறு மாதத்தில் ஒழுங்காக ஒரு செல் வரிசை முடிந்தாலே பெரிசு சார். அனுமதி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. டிஎச்பி-1-ஐ முடிக்கட்டும், மோனோசைட் வந்தால் லாபம்.


இரவுப்பணி டாக்டர்

மருத்துவப் பயன் கேட்டீர்கள். கைடுக்கு இந்த வேலூர் மாவட்டத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம்.

தொழுநோய் ரியாக்‌ஷனுக்கு (நோயெதிர்ப்பால் தோலிலும் நரம்பிலும் திடீரென வரும் வீக்கம்) ப்ரெட்னிசலோன்தான் முதல் மருந்து. தினம் 40 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். கரிகிரி தொழுநோய் மையம் இருக்கும் பகுதியில் இதை விளக்கவே தேவையில்லை. ப்ரெட்னிசலோனுக்கும் ப்ரெட்னிசோனுக்கும் இடையே மாற்றுவது நீங்கள் அளக்கப்போகும் அதே நொதிக் குடும்பம். தோலிலும் நரம்பிலும் குவிந்த மேக்ரோஃபேஜ் அந்த நொதியை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது, அங்கே மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதைத் தொடும் கேள்வி.

காசநோயில் இரண்டு விஷயம். காசநோய் அட்ரினலையே அரித்துவிடக்கூடியது. தாமஸ் அடிசன் 1855-இல் எழுதிய நோயாளிகளிலேயே காசநோய் அட்ரினல் இருந்தது. பாதி அழிந்த அட்ரினலோடு வருபவருக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், அது கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியைக் கூட்டிக் கார்டிசாலை வேகமாக அழிக்கும். அதுவரை சமாளித்துவந்தவர் திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்து வருவார். ஹைட்ரோகார்டிசோனோ ப்ரெட்னிசலோனோ ஏற்கெனவே எடுப்பவருக்கும் ரிஃபாம்பிசின் சேர்ந்தால் அளவைக் கூட்ட வேண்டிவரும். தொழுநோய்க் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் மாதம் ஒரு தடவைதான் என்பதால் அங்கே இந்தத் தொல்லை பெரிதாக எழாது. காசநோயில் அது தினசரி.

காசநோயில் இன்னொன்று, வைவாவில் எடுபடும். கிரானுலோமாவில் (கிருமியைச் சூழ்ந்து வெள்ளை அணுக்கள் கட்டும் முடிச்சு) இருக்கும் மேக்ரோஃபேஜ் 1-ஆல்ஃபா ஹைட்ராக்ஸிலேஸ் நொதியால் வைட்டமின் டியைச் செயல்வடிவ ஹார்மோனாக மாற்றும். சிறுநீரகத்திலுள்ள அதே நொதியை பாராதைராய்டு ஹார்மோன் நடத்துகிறது. மேக்ரோஃபேஜில் நடத்துவது இன்டர்ஃபெரான்-காமா. அடக்க ஆளில்லாமல் சில நோயாளிகளுக்கு ரத்தக் கால்சியமே ஏறிவிடும். வெள்ளை அணு செய்யும் ஹார்மோன் உடம்பு முழுக்கப் பரவும் அளவுக்குப் போவதற்கு உறுதியான உதாரணம் இதுதான். கார்டிசாலில் அப்படி நடப்பதில்லை.

பீட்டா-எண்டார்ஃபினையும் ஒரு வரியில் சேருங்கள். வீங்கிய திசுவில் வெள்ளை அணு விடும் பீட்டா-எண்டார்ஃபின் வலி நரம்பின் முனையை அங்கேயே அடக்குகிறது என்று கிறிஸ்டோஃப் ஸ்டைன் குழு காட்டியது. முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பிக்குப் பிறகு எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோனை மூட்டுக்குள் செலுத்தியபோது நோயாளிகளுக்கு வலி கூடியது, அது 1993. பிஓஎம்சியின் இன்னொரு துண்டு, உள்ளூரிலேயே வேலை பார்த்ததற்கு மனித ஆதாரம்.


காட்பாடி_எம்எஸ்சி

கைடு சம்மதித்துவிட்டார், டிஎச்பி-1-இல் தொடங்கச் சொல்கிறார். ஒரு சந்தேகம் மட்டும்: 24 கிணறு தட்டில் செய்யட்டுமா, 96-இலா? 96 என்றால் கார்டிசோனும் சைட்டோகைனும் மிச்சமாகும்.


சத்துவாச்சாரி லேப்

24. கிணற்றுக்கு 5 லட்சம் செல், அரை மில்லி மீடியம். 96-இல் 100 மைக்ரோலிட்டர்தான் இருக்கும். டூப்ளிகேட்டாக எலைசா ஓட்டிவிட்டால் திரும்ப ஓட்ட சாம்பிள் மிஞ்சாது. விளிம்புக் கிணறுகளில் மீடியம் ஆவியாகி ஸ்டிராய்டு அடர்த்தி பொய்யாக ஏறும், சின்னக் கிணற்றில் அது இன்னும் மோசம். கோடையில் இன்குபேட்டர் தட்டில் தண்ணீர் வற்றுவதை யாரும் பார்ப்பதில்லை. தினமும் காலையில் ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர் ஊற்றுங்கள். செல் இல்லாத கன்ட்ரோலை விளிம்பிலும் ஒன்று, நடுவிலும் ஒன்று வையுங்கள். இரண்டும் வேறு எண் காட்டினால் அந்தத் தட்டின் முடிவை எடுக்காதீர்கள்.